‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்பது பதிலாகாது



நம் தெருக்களில் எப்போதும் ஏதேனும் ஒரு வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. ஒரு வீட்டில் மேல்மாடி எழும்புகிறது. மற்றொரு வீட்டில் பெருநாளுக்கு முன் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். இன்னொரு வீட்டில் பால்கனிக்கு இரும்புக் கம்பி பற்றவைக்கிறார்கள். அதே தெருக்களில்தான் நம் கார்களும் நிற்கின்றன. சாரத்திலிருந்து நழுவிய மரம் பானட்டின்மேல் விழுகிறது. பெயின்டரின் வாளி கவிழ்கிறது. கம்பியை அறுக்கும்போது பறக்கும் தீப்பொறிகள் முன்கண்ணாடியில் புள்ளி புள்ளியாய்ப் பதிந்துவிடுகின்றன. எவரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் தலையில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு வந்து விழுகிறது.

இதன்பின் எழும் குரல்களைத்தான் நாம் இங்கே மறுக்க முனைகிறோம். ‘தெரியாமல் நடந்ததுதானே’ என்பது முதல் குரல். ‘எல்லாம் களா கத்ர், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது இரண்டாம் குரல். ‘பாவம், ஏழைத் தொழிலாளி, அவரிடமா கேட்பது?’ என்பது மூன்றாம் குரல். மூன்றும் மார்க்கத்தின் மொழியிலேயே பேசப்படுகின்றன. மூன்றும் சேர்ந்து, இழந்தவரையே குற்றவாளியாக்கி விடுகின்றன. அவர் தம் இழப்பைக் கேட்டால் கல்நெஞ்சர், கேட்காவிட்டால் பொறுமையாளர். சேதம் விளைவித்த தரப்போ எந்தக் கேள்விக்கும் ஆளாகாமல் சாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

நாம் சொல்ல வருவது இதுதான்: தவறுதலாக நேர்ந்த சேதத்தில் பாவம் இல்லாதிருக்கலாம், கடன் இருக்கிறது. அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை இழந்தவர் ஒருவருக்கே உண்டு. அதைத் தெருவாரோ உறவினரோ அவர் சார்பில் வழங்கிவிட முடியாது.

பாவம் வேறு, பொறுப்பு வேறு

தவறுதலாகச் செய்தவற்றுக்காக அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையிலான கணக்கு. அடியானுக்கும் அடியானுக்கும் இடையிலான கணக்கு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே இந்தத் தொல்லை அனைத்தும் தொடங்குகிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் தவறுதலாக நிகழ்ந்துவிட்ட கொலையைப் பற்றிப் பேசுகிறது. கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் உயிரிழந்தவரின் குடும்பத்தாருக்கு இழப்பீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே விதியாகிறது. அக்குடும்பத்தார் தாமாக முன்வந்து தர்மமாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது நீங்கும். எண்ணமில்லாமை இழப்பீட்டை நீக்கவில்லை என்பதையும், விட்டுக்கொடுக்கும் உரிமை இழந்தவர்களின் கையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நாம் கருத வேண்டும். உயிரின் விஷயத்திலேயே நிலை இதுவென்றால், ஒரு காரின் கதவு நசுங்கியதற்கு ‘தெரியாமல்தானே’ என்ற சொல் எப்படி முழுப் பதிலாக முடியும்?

நபிகளார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை ஸஹீஹுல் புகாரி நமக்கு அறிவிக்கிறது. நபிகளார் தம் துணைவியருள் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, மற்றொரு துணைவியார் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்தவர் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபிகளார் உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். சிதறிய உணவையும் தாமே அள்ளி வைத்தார்கள். பின்னர் அந்தப் பணியாளைக் காத்திருக்கச் செய்து, உடைத்தவரின் வீட்டிலிருந்த முழுப் பாத்திரத்தை உரியவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்தது உடைத்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரே குடும்பத்துக்குள், ஒரு பாத்திரத்துக்காக, இவ்வளவு துல்லியமான கணக்கு! அங்கே கடிந்துரையும் கூச்சலும் இல்லை. ஆனால் ஈடு இருந்தது. பாத்திரத்தைக் கையில் ஏந்தி வந்த பணியாள்மீது எந்தச் சுமையும் ஏற்றப்படவில்லை என்பதையும் நாம் கவனிக்கத் தவறக் கூடாது. அந்தச் செய்திக்குப் பின்னர் வருவோம்.

இந்த அடிப்படையில்தான் ஃபிக்ஹ் அறிஞர்கள் ‘ளமான்’ என்னும் ஈட்டுப்பொறுப்பை வகுத்தார்கள். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும், ஒரு சேதத்தை நேரடியாக விளைவித்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் அதற்குப் பொறுப்பாவார் என்றே வகுக்கிறது.

களா கத்ரைக் கேடயமாக்காதீர்கள்

விதியை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. ஆனால் அந்த நம்பிக்கை இழந்தவரின் உள்ளத்துக்கு ஆறுதலாக அருளப்பட்டதே அன்றி, சேதம் செய்தவர் தப்பிச்செல்லும் வழியாக அருளப்பட்டதன்று. இழந்தவர் தாமே ‘இது அல்லாஹ்வின் நாட்டம்’ என்று சொல்லிக்கொண்டால் அது பொறுமை. சேதம் விளைவித்தவர் அதே சொல்லை அவரிடம் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. தம் வீட்டு வேலைக்கு வந்தவர் தம்முடைய தொலைக்காட்சிப் பெட்டியைக் கீழே தள்ளி உடைத்தால், இதே மனிதர்கள் விதியைப் பற்றிப் பேசுவார்களா? கூலியிலிருந்து எவ்வளவு பிடிக்கலாம் என்றல்லவா கணக்கிடுவார்கள்!

நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகியோரிடம் ஒரு வழக்கு வந்ததை அல்அன்பியா அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறருடைய விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளை எவரும் ஏவிவிடவில்லை. ஆயினும் ‘விதி’ என்று சொல்லி வழக்கு தள்ளப்படவில்லை. விரிவுரையாளர்கள் தரும் விளக்கத்தின்படி, தாவூத் (அலை) அவர்கள் ஆடுகளையே நிலத்துக்காரருக்கு அளிக்க முடிவு செய்தார்கள். சுலைமான் (அலை) அவர்களோ, ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை நிலத்துக்காரர் ஆடுகளின் பாலையும் கம்பளியையும் அனுபவித்து, பின்னர் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். நிலம் நிலத்துக்காரருக்கு மீண்டது. ஆட்டுக்காரரும் தம் பிழைப்பை இழக்கவில்லை. ஈட்டை எவ்வாறு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் நமக்கு வேண்டுமா?

‘ஏழை’ என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒளிபவர் யார்?

இனி மூன்றாம் குரலுக்கு வருவோம். இதுவே நம் மனத்தை மிகவும் அசைப்பது. மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுவே.

சாரத்தின்மேல் நின்று வண்ணம் பூசுபவர் நாள்கூலிக்கு வந்தவர். அவரிடம் பல ஆயிரம் ரூபாய் கேட்பது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரிடம் கேட்கச் சொன்னது யார்? அந்த வேலையை மொத்தமாகப் பேசி எடுத்தவர் ஒரு மேஸ்திரி அல்லது காண்ட்ராக்டர். லாபம் அவருடையது. கீழே நிற்கும் கார்களின்மேல் தார்ப்பாய் போர்த்தலாமா, உரிமையாளர்களிடம் சொல்லி வண்டிகளை அகற்றச் சொல்லலாமா, சாரத்தின் அடியில் வலை கட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. சேதம் நேர்ந்ததும் அவர் மெதுவாக ஒதுங்கி, கண்கலங்கி நிற்கும் தொழிலாளியை முன்னே நிறுத்துகிறார். ‘பாவம், அவரிடமா கேட்பது’ என்று நாமும் இரங்கிவிடுகிறோம். அந்த இரக்கத்தால் காப்பாற்றப்படுபவர் தொழிலாளி அல்லர், காண்ட்ராக்டரே. பல இடங்களில் அவர் கார் உரிமையாளருக்கு எதுவும் கொடுக்காமல், ‘உன்னால் வந்த வம்பு’ என்று தொழிலாளியின் கூலியிலும் பிடித்துக்கொள்கிறார்.

ஆதாயம் யாரைச் சேர்கிறதோ இழப்பும் அவரையே சேரும் என்பது ஃபிக்ஹின் பொது நெறிகளுள் ஒன்று. நம் நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: பணியாளர் தம் வேலையைச் செய்யும்போது கவனக்குறைவால் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு அவரைப் பணியமர்த்தியவர் பொறுப்பாவார். வேலையைத் தனி காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்த வீட்டுக்காரர் பொதுவாக இதற்குப் பொறுப்பாவதில்லை. ஆனால் அவரே ஆட்களை நேரடியாக அமர்த்தி வேலை வாங்கினாலோ, ஆபத்து இருப்பதை அறிந்தும் வாளாவிருந்தாலோ, பொறுப்பிலிருந்து அவர் எளிதில் நழுவிவிட முடியாது. தவறுதலான கொலைக்குரிய இழப்பீட்டையே குற்றம் நேர்ந்தவர் தனியே சுமக்காமல் அவருடைய குலத்தார் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாட்டை இஸ்லாமியச் சட்டம் வைத்திருக்கிறது. பலவீனமான ஒருவரின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றுவது நம் மரபன்று.

மேஸ்திரியே இல்லாமல், தனியாகத் தொழில் செய்யும் ஒரு வெல்டரோ பெயின்டரோ சேதம் விளைவித்திருந்தால் என்ன செய்வது? அப்போதும் கடன் கடனே. ஆனால் கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை தருமாறும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. தவணை என்னும் பேச்சே கடன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பின்னர்தான் எழுகிறது.

கார் வைத்திருப்பவர் எல்லாரும் செல்வந்தர் என்னும் எண்ணமும் ஒழிய வேண்டும். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவருக்கு அந்தக் கார்தான் கடை, அதுதான் வயல். அது மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அந்த மூன்று நாள் வருமானமும் போகிறது. முதிய தாயாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே!’

இதையும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. நம் வாகனத்துக்கு நேரும் சேதத்துக்கு அதில் ஒரு ரூபாயும் கிடைக்காது. காப்பீட்டிலுள்ள வட்டி, நிச்சயமின்மை ஆகியவற்றைக் கருதி, கட்டாயமானதற்கு மேல் எதையும் எடுக்காத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களிடம் போய் ‘இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது பொருளற்ற பேச்சு.

முழுக் காப்பீடு எடுத்தவருக்கும் இழப்பு இல்லாமற் போவதில்லை. 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும்; அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாய். தேய்மானக் கழிவில்லாத பாலிசி இல்லையெனில், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதி கழிக்கப்படும். கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்துவந்த, 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் நோ கிளைம் போனஸும், அதைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், கைவிட்டுப் போகும். சிறு நசுங்கலுக்காகக் கிளைம் செய்தால், அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கூடும் தொகை பழுதுபார்க்கும் செலவையே மிஞ்சிவிடக்கூடும். ஒருவர் பல ஆண்டுகள் கட்டிய பாலிசி, சேதம் விளைவித்தவரின் கடனை அடைப்பதற்காக எடுக்கப்பட்டதன்று.

உரிமை கேட்பவருக்கும் எல்லை உண்டு

கார் உரிமையாளர்களிடமும் நாம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பெயின்டரைச் சட்டையைப் பிடித்து இழுப்பது, அவருடைய ஏணியையும் கருவிகளையும் பிடுங்கி வைத்துக்கொள்வது, அறைவது, தகாத சொல் பேசுவது ஆகியவற்றுக்கு எந்தச் சேதமும் நியாயம் ஆகாது. ‘போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்’ என்னும் மிரட்டலும் முறையன்று. சொத்தைச் சேதப்படுத்தும் குற்றத்துக்குச் சேதம் விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்னும் அறிவோ வேண்டும் என்கிறது இந்நாட்டுச் சட்டம். தற்செயலாக வாளி கவிழ்ந்ததை உரிமையியல் விவகாரமாகவே பார்க்க வேண்டும்.

கேட்கும் தொகையிலும் நேர்மை வேண்டும். கதவில் ஒரு நசுங்கலுக்கு டிங்கரிங், பெயின்டிங் போதுமானது எனில், புதிய கதவுக்கான விலையைக் கேட்பது பிறர் பொருளை அநியாயமாக உண்பதாகும். முன்பே இருந்த கீறல்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதும் அவ்வாறே. காப்பீட்டிலும் வாங்கி, அதே செலவைக் காண்ட்ராக்டரிடமும் வாங்குவது இரட்டை ஆதாயம். மார்க்கமும் ஏற்காது, சட்டமும் ஏற்காது. காப்பீட்டில் கிடைக்காமல் தம் கையிலிருந்து போன தொகையைக் கேட்பதுதான் நியாயம்.

நம் பங்கில் கவனக்குறைவு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் விளைவித்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர்களின் பொறுப்பு என்றும், இரவில் கால்நடைகளால் நேரும் சேதம் கால்நடை உரிமையாளர்களின் பொறுப்பு என்றும் நபிகளார் (ஸல்) தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. யார் எப்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே பொறுப்பு பிரிக்கப்பட்டது. ‘நாளை வேலை நடக்கும், வண்டியை எடுத்துவிடுங்கள்’ என்று முதல் நாளே முறையாகச் சொல்லியும் சாரத்தின் அடியிலேயே காரை விட்டுச் சென்றவர், முழு ஈட்டையும் கேட்கும் முன் தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எவ்வாறு கேட்பது?

கோபத்தோடு அல்ல, ஆதாரத்தோடு கேளுங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, சாரமும் சுவரும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எடுத்தவர் யார் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டறியுங்கள். நீரில் கரையும் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். காயவிட்டால் ரப்பிங், பாலிஷ் என்று செலவு வளரும். குறைக்கக்கூடிய இழப்பைக் குறைப்பதும் இழந்தவரின் கடமையே. பழுதுபார்க்கும் முன் எதிர்த்தரப்பைச் சேதத்தை நேரில் பார்க்கச் செய்யுங்கள். இரண்டு ஒர்க்‌ஷாப்புகளில் மதிப்பீடு வாங்கி, தொகையையும் காலக்கெடுவையும் எழுத்தில் கொடுங்கள். கடன் விவகாரங்களை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. தவணை பேசினாலும் எழுதிக்கொள்ளுங்கள். தொகை வந்ததும் ‘தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுங்கள்.

பேச்சில் முடியாவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தில், வழக்குத் தொடுக்கும் முன்பே விவகாரத்தைக் கொண்டுசெல்ல முடியும். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் இணங்கி எட்டும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. பொருட்சேதத்துக்கான உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரையறை உண்டு. நாமே கூலி கொடுத்து அழைத்த பெயின்டர் நம் காரையே சேதப்படுத்தினால் அது சேவைக் குறைபாடாகவும் கருதப்படும். அப்போது நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. அண்டை வீட்டார் அழைத்த பெயின்டர் எனில் அந்த வழி நமக்கு இல்லை.

ஆனால் நீதிமன்றத்துக்கு முன்பே நிற்க வேண்டியது நம் மஹல்லா ஜமாஅத். நிகாஹ், தலாக், ஜனாஸா ஆகியவற்றோடு ஜமாஅத்தின் பணி முடிந்துவிடுகிறது என்று யார் சொன்னது? ஒரு மஹல்லாவில் எத்தனையோ பெயின்டர்கள், வெல்டர்கள், காண்ட்ராக்டர்கள், கார் உரிமையாளர்கள் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். இரு தரப்பையும் அமரவைத்து, சேதத்தைப் பார்த்து, மதிப்பீட்டைச் சரிபார்த்து, வேலை எடுத்தவரிடமிருந்து உரிய தொகையைப் பெற்றுத் தரவும், வசதியற்றவருக்குத் தவணை வகுக்கவும் நிர்வாகிகளால் முடியும். அவர்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: இழந்தவரின் தோளில் கைபோட்டு, ‘விட்டுக் கொடுத்துடுங்க பாய், அல்லாஹ் உங்களுக்கு வேறு வழியில் தருவான்’ என்று அவர் வாயை அடைப்பது. பத்துப் பேர் சூழ்ந்து நின்று வாங்கும் மன்னிப்பு மனமொப்பித் தரப்பட்டதாகாது.

தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிறைந்த ஏட்டோடு வந்தும், பிறருக்குச் செய்த அநீதிக்காக அந்நன்மைகளையெல்லாம் இழந்து வெறுங்கையோடு நிற்பவரே உண்மையான ஓட்டாண்டி என்று நபிகளார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். மறுமையில் நன்மையால் கொடுக்க நேர்வதை இம்மையில் ரூபாயால் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. சகோதரர்களே, வேலை எடுத்து நடத்துபவர்கள் அடுத்த சாரம் கட்டும் முன் கீழே நிற்கும் வண்டிகளுக்கு ஒரு தார்ப்பாய் வாங்குங்கள். சேதம் நேர்ந்துவிட்டால் கதவைத் தட்டி நீங்களே முதலில் சொல்லுங்கள். தொகையை நீங்களே கேட்டறியுங்கள். அதன்பின் இழந்தவர் மன்னிப்பதும் வாங்கிக்கொள்வதும் அவர் விருப்பம்.

பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக நம்மில் எவரையும் அல்லாஹ் தன்னிடம் அழைக்காதிருப்பானாக! ஆமீன்.